சம்பந்தி தூக்கிய பை

மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தபோது, காதர்பேட்டைக் கடையில் உட்கார்ந்து அவருடைய அப்பாவுக்குத்தான் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘சம்பந்தி, லட்சத்தீவுக்கு இந்தத் தடவை சாமான் எதுவும் வேண்டாமுங்க, அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாமுங்க’ என்று அடித்து, அனுப்பலாமா வேண்டாமா என்று விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரே ஒரு வரிதான். அதை எழுதும் தைரியம் வர எனக்கு வருஷக்கணக்காகியிருந்தது. “மாமா, அப்பா போயிட்டாருங்க” என்றார் மாப்பிள்ளை. காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அப்படியே தலை சாய்ந்துவிட்டதாம். மாரடைப்பு. பேசி முடித்துப் போனைப் பார்த்தால், அந்த வரி அனுப்பப்படாமல் அப்படியே இருந்தது.

நாச்சிமுத்துவை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். திருப்பூரிலிருந்து கடலுக்கடியில் போய்ப் பார்க்கிற பைத்தியம் பிடித்த நம் சிறு கூட்டத்தில் வயதில் மூத்தவர். பல்லடம் ரோட்டில் காம்பாக்டிங் யூனிட் வைத்திருந்தார். சாயமேறி வரும் பனியன் துணியைப் பிறகு சுருங்கிவிடாதபடி அழுத்திக் கொடுக்கிற தொழில். நான் பனியன் மொத்த வியாபாரி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்ததால் அவர் எனக்குச் சம்பந்தி. எங்கள் இருவரையும் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும், நான் பட்ட பாடும் சேர்த்து.

கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம் பிள்ளைகள் எங்கள் நால்வரையும் அந்தமானுக்கு அனுப்பிவைத்தார்கள். பெண்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்க, நாங்கள் இருவரும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினோம். சம்பந்தி ஆசைப்படுகிறாரே, வேண்டாமென்றால் நன்றாக இருக்காதே என்று நான் இறங்கினேன். நான் ஆசைப்படுகிறேன் என்று அவர் இறங்கியிருக்கிறார். இது பிறகு தெரிந்தது. ஆனால் தண்ணீருக்குள் மீன்கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனபோது இருவருக்குமே பித்துப் பிடித்துவிட்டது. ஊர் திரும்பியதும் புதுச்சேரிக்குப் போய் முறையாகப் பயிற்சி எடுத்து டைவிங் அட்டை வாங்கினோம்.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சிலிண்டரும் இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியும் எந்த ஊர் டைவிங் கடையிலும் கொடுத்துவிடுவார்கள். மற்ற சாமான்களை நாமே வாங்கிச் சுமந்துகொண்டு போவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் கேள்வி. வருஷத்துக்கு இரண்டு முறை கடலுக்குப் போகிற திருப்பூர்க்காரனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கையை வீசிக்கொண்டு போய் வாடகைக்கு எடுத்து, முடிந்ததும் உப்புத்தண்ணீரோடு கொடுத்துவிட்டு வரலாம். கழுவுகிற வேலை, காயப்போடுகிற வேலை, சர்வீஸுக்கு அனுப்புகிற வேலை எல்லாம் கடைக்காரன் தலைவலி. சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? அடுத்த பயணத்துக்கு இரண்டு முழு செட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. “வாடகைச் சாமானைப் போயி என்ற சம்பந்தி போடறதாங்க? நல்லாருக்குமுங்களா?” என்றார். நான் என்ன சொல்வது? பெண்ணைக் கொடுத்தவன். “ஆகட்டுங்க சம்பந்தி” என்றேன்.

அந்தப் பையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவர், “என்னங்க, கம்பெனியையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்று கேலி செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் இரண்டு, காற்றடைக்கும் ஜாக்கெட் இரண்டு, துடுப்பு, உடை, முகமூடி எல்லாம் அதற்குள். சம்பந்தி தூக்கும்போது நான் சும்மா வர முடியுமா? “விடுங்க, நான் எடுத்துக்கறேனுங்க” என்பேன். “அட, நீங்க எதுக்குங்க” என்று அவர் இழுப்பார். கோவை விமான நிலைய வாசலில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் போர்ட்டர்கள் சிரித்திருக்கிறார்கள். எடை மேடையில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கூடுதல். அவருக்கு முந்தி நான் பணத்தை எடுக்க, எனக்கு முந்தி அவர் எடுக்க, அங்கேயும் ஒரு இழுபறி. “தூக்கறதுக்கு நாம இருக்கமுங்க, அப்பறமென்ன?” என்பார். விமானத்தில் ஏறி உட்காரும்போதே எனக்கு எரிச்சலில் தலை வலிக்கும்.

இதில் அவருடைய பேக்கிங் வேறு. எந்தச் சாமானையும் உடையாமல் அனுப்ப நம்மூரில் தெரிந்த ஒரே வழி பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வைத்திருப்போம் இல்லையா, அதை ரெகுலேட்டருக்குச் சுற்றித் திணித்துவிடுவார். ஒருமுறை சென்னையில் பாதுகாப்புச் சோதனைக்காரர் பையைத் திறந்து இழுத்தார். சிவப்பு, பச்சை, கோடு போட்டது, பூப்போட்டது என்று வந்துகொண்டே இருந்தது. அவர் இந்திக்காரர். “யே க்யா ஹை?” என்றார். சம்பந்திக்குத் தெரிந்த இந்தியெல்லாம் யூனிட்டில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களிடம் கற்றது. அந்த இந்தியில் ஏதோ அதட்டலாகச் சொல்லப்போக, அந்த மனிதர் மேலதிகாரியைக் கூப்பிட்டுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களை முறைத்தார்கள். நான் கீழே உட்கார்ந்து வேஸ்ட்டை எல்லாம் பொறுக்கித் திரும்பத் திணித்தேன். வாடகைக்கு எடுத்திருந்தால் இந்த மானக்கேடு எதற்கு என்று வாய்வரை வந்தது. “பரவாயில்லைங்க, பிளேனுக்கு நேரமிருக்குதுங்க” என்றுதான் வெளியே வந்தது.

தண்ணீருக்குள் போய்விட்டால் அவர் வேறு மனிதர். அங்கே பேச முடியாது, கைச்சைகைதான். சைகையில் மரியாதை வைக்க வழியில்லை. ‘இங்கே வா’, ‘பார்’, ‘நில்’ என்று விரலால் அதட்டுவார். நானும் அதட்டுவேன். மேலே வந்து வாயிலிருந்து ரப்பரை எடுத்ததும் இருவரும் பழையபடி குனிய ஆரம்பித்துவிடுவோம். “மேல வந்தாத்தானுங்க இந்த மரியாதை எல்லாம், உள்ள நாம ரண்டு பேரும் மீனுங்க” என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பில் நான் ஒரு தைரியம் எடுத்துப் பையைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

புதுச்சேரியில் நடந்ததை உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. நல்ல ஆழத்தில் இருந்தோம். திடீரென்று என் ரெகுலேட்டர் அடைத்த குழாய் பிய்த்துக்கொண்டதுபோல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. முகத்தைச் சுற்றி ஒரே குமிழி. அழுத்தமானியில் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். எனக்கு உயிர் பயம் வந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொருவருடைய ஜாக்கெட்டிலும் ஆபத்துக்கென்று ஒரு உபரிக் குழாய் தொங்கும். அதை எடுத்துக் கொடுக்கத்தான் சம்பந்திக்கு நேரமில்லை. தன் வாயில் இருந்ததை உருவி என் வாயில் திணித்துவிட்டு, உபரியை அப்புறம் தேடி எடுத்துத் தான் கவ்விக்கொண்டார். ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, நின்று நின்று மேலே வந்தோம். அவர் கண் என் கண்ணை விட்டு நகரவே இல்லை.

படகில் ஏறியதும் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? “சம்பந்தி, என்ற எச்சிலக் குடுத்துட்டனுங்க. அவசரத்துல தோணுலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க.” உயிரைக் காப்பாற்றிய மனிதர் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்கிறார். “பரவாயில்லைங்க” என்று ஒரு சொல் சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடிப்போனது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கரையில் கடைக்காரத் தம்பி என் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தார். வால்வுக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நூல் சுருண்டு கிடந்தது, அதைச் சுற்றிப் பஞ்சு. “கடலுக்குள்ள பஞ்சு எங்க சார் வந்துச்சு?” என்றார். எங்கே வந்தது என்று எனக்குத் தெரியாதா? பனியன் வேஸ்ட். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இனியாவது மனிதர் திருந்துவார், வாடகைக்கு எடுப்போம் என்பார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அடுத்த பயணத்துக்கு அவர் ஒவ்வொரு சாமானையும் ஏற்றுமதிப் பனியன்போல் தனித்தனிப் பாலிபேக்கில் போட்டு ஒட்டி, என்னுடையதில் என் பெயரும் அளவும் ஸ்டிக்கர் ஒட்டி, முன்னைவிடப் பெரிய பெட்டியில் கொண்டுவந்தார். “இப்பப் பாருங்க, ஒரு நூல் போகாது” என்றார். எனக்குச் சிரிப்பதா, பெட்டியைக் கடலில் தள்ளுவதா என்று தெரியவில்லை. “அருமைங்க” என்றேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்கச் சம்பந்தியம்மா சரஸ்வதி என்னைக் கூப்பிட்டார். முறைக்கு என்னை அண்ணா என்பார். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகையோடு பழைய எரிச்சலும் சேர்ந்து வந்தது. அவர் இல்லாத தைரியத்தில் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “இதை எதுக்கு அம்மிணி இத்தனை வருஷம் சுமந்தாரு? போன எடத்துல எல்லாம் வாடகைக்குக் கெடைக்குமே.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்களுக்காகத்தானுங்ண்ணா” என்றார்.

“எனக்கா?”

“மொதல்ல படிக்கப் போனப்ப, வாடகைச் சாமான வாயில வெக்கறதுக்கு நீங்க மூஞ்சியச் சுளிச்சீங்களாமா. அடுத்தவன் பல்லுத்தடம் இருக்குதுன்னு துடைச்சுத் துடைச்சுப் பாத்தீங்களாமா. சம்பந்தி எச்சில் பாக்கறவரு, நேராச் சொல்லக் கூச்சப்படறாருன்னு அவரு ஊட்ல வந்து சொன்னாருங்க. ‘அவருக்கு மட்டும் வாங்கிக் குடுத்தா வாங்கிக்க மாட்டாரு, எனக்கும் சேத்து வாங்கிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு’ன்னாரு. அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வந்தா ரண்டு நாளைக்கு முதுகு புடிச்சுக்குமுங்ண்ணா. நாந்தான் தைலம் தேச்சுவுடுவேன். வாடகைக்கு எடுத்தா எனக்கும் நிம்மதிதான், என்ன பண்றதுன்னு அவரே சொல்லுவாருங்க.”

நினைத்துப் பார்த்தேன். ஆமாம், சுளித்தேன். பயிற்சியின் முதல் நாள், ஒரே ஒரு தடவை. அடுத்த தடவை கடலில் இறங்கியபோது அது எனக்கு நினைவே இல்லை. அந்த ஒரு சுளிப்பை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் விமானம் விமானமாகப் பெட்டியைச் சுமந்திருக்கிறார். அவருக்கு ஆசையென்று நானும் மறுகாதைப் பிடித்துக்கொண்டு சுமந்திருக்கிறேன். படகில் நான் சொன்ன அந்த ‘பரவாயில்லைங்க’ அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது. எச்சில் பார்க்கிறவர் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார் என்றல்லவா எண்ணியிருப்பார்! அதனால்தான் முன்னைவிடப் பெரிய பெட்டி வந்தது.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நேரில் இருந்தால் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. அதுவும் பொய். “ஆகட்டுங்க சம்பந்தி” என்றுதான் நின்றிருப்பேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இரண்டு பேரில் யாராவது கேட்டிருந்தால் அவர் முதுகு தப்பித்திருக்கும். இந்த மரியாதையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

பெட்டியைப் புதுச்சேரிக் கடைக்கே கொடுத்துவிடச் சொன்னேன். சர்வீஸ் செய்து அவர்கள் வாடகைக்கு விடட்டும். நீங்கள் யாராவது அங்கே போனால், என் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய ஜாக்கெட் உங்களுக்கு வந்தாலும் வரலாம். லட்சத்தீவுக்கு எடுத்த டிக்கெட் இருக்கிறது. நான் போகிறேன். எல்லாம் வாடகைக்குத்தான்.

ஒன்றை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவருடைய ரெகுலேட்டரின் முனையில், வாயில் கவ்விக்கொள்ளும் அந்தச் சின்ன ரப்பர். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், எந்த ஊர் வாடகைச் சாமானிலும் மாட்டிக்கொள்ளலாம். அவர் இறுக்கிக் கடிக்கிறவர். இரண்டு பக்கமும் பல்லுத்தடம் ஆழமாக விழுந்திருக்கிறது.

“குடுங்ண்ணா, சோப்புப் போட்டுக் கழுவித் தாரேன்” என்று சரஸ்வதி கையை நீட்டினார்.

“வேண்டாம் அம்மிணி” என்றேன்.