பசிக்கு ஒத்திகை

பேகம்பூரில் பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் கற்றுக்கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளன். பயிற்சி தந்தவர் ஓர் அம்மா. கத்தரித்த நரைமுடி, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். யார் என்ன யோசனை சொன்னாலும், "செஞ்சு காட்டுங்க" என்பார். செய்து முடித்ததும் பிள்ளைகள்தான் குறை சொல்ல வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

நன்கொடையாளர்களுக்கு அனுப்பப் படம் எடுக்கச் சென்னை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பிள்ளைகளோ படத்துக்கென்றே பெருநாள் சட்டையும் கிறிஸ்துமஸ் கவுனும் போட்டு வந்திருந்தார்கள். அவர் முகம் சுருங்கியது.

"இவ்ளோ நல்லா டிரஸ் பண்ணிருந்தா எவன் உதவுவான்? செருப்பையாவது கழட்டச் சொல்லுங்க. பசியா இருக்கிற மாதிரி நிக்கட்டும்."

எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும் அந்த ஆளுக்கு! இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்று நான் குனிந்து பிள்ளைகளின் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "பசி எப்பிடின்னு நீங்க செஞ்சு காட்டுங்க சார். ஷூவக் கழட்டிருங்க."

பிள்ளைகள் அதற்குள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் ஷூவைக் கழற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். கன்னிவாடியிலிருந்து வரும் சிறுமி கையைத் தூக்கினாள்.

"பசிச்சா இப்பிடி மூஞ்சியக் காட்ட மாட்டோம் சார். யாருக்கும் தெரியாமத்தான் இருப்போம்."

அவர் அவசரமாக ஷூவைத் தேடினார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கை நிறையச் செருப்போடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"அடுத்து நீங்க வாங்க சார்."