சித்தப்பா தானாகப் போகவில்லை

செய்தி வந்தபோது நான் புவாண்ட்-கிளேர் நூலகத்தில் இருந்தேன். "வீட்டை வராதை, மாமி வீட்டை போ. சித்தப்பாக்கு வெடி பட்டிட்டுது" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். மாமி கதவைத் திறந்து அழுததில் மிச்சம் விளங்கியது.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அப்பா கேட்டிருக்கிறார். எல்லோரும் உறங்கிய பிறகு, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. நான் பாலர் வகுப்பில் இருந்தபோது கனடா வந்து, எங்கள் டொலார்ட் நகர வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்டில் தங்கினார். பண்டகசாலை ஒன்றில் பொதி கட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். கதைப்பது குறைவு. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, பகல் வணக்கமான 'பொன்ஜூர்' மட்டும்தான். அதை இரவு பத்து மணிக்கும் சொல்வார்.

பின்னர் துப்பாக்கி அனுமதி எடுத்து, இலக்குச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்தார். போட்டிகளில் அவருடைய கைத்துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதனால் சனிக்கிழமைகளில் அதைக் கழற்றி, உரசும் பாகங்களை மினுக்கி, மறுபடி பூட்டுவார். கழற்றுவதற்கு முன்னும் பின்னும், விசை தடங்காமல் ஓடுகிறதா என்று உள்ளே குண்டு ரவை இல்லாமல் அழுத்திப் பார்ப்பார்.

"தம்பி, உந்தச் சாமான் வீட்டுக்கை வேண்டாம்" என்றார் அம்மா.

"அண்ணி, உங்கட மிக்சிதான் இதைவிடச் சத்தம்."

அம்மா சிரித்துவிட்டார். ஆனால் ஒரு சட்டம் போட்டார். "நீர் பாத்தது காணாது. இன்னொராளும் உள்ளுக்கை பாக்காமல் விசையை அமத்தக்கூடாது."

முதலில் அப்பா பார்த்தார். அவருக்குச் சனிக்கிழமையும் வேலை வந்தபின் அது என் பொறுப்பானது. "பிள்ளை, வந்து வடிவாப் பார்" என்று சித்தப்பா கூப்பிடுவார். திறந்து வைத்த துவக்கின் உள்ளே பார்த்து "ஒண்டுமில்லை" என்பேன். அதற்குப் பிறகுதான் விசையில் விரல் வைப்பார். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்று பின்னேரம்வரை அதைத் தொடாமல், பழைய பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தாராம்.

செத்தவீட்டில் கோப்பி குடித்தபடி சிலர் கதைத்தது என் காதிலும் விழுந்தது. "தனிச்ச மனுசன். வாழ்க்கை வெறுத்திருக்கும்." பொலிசாரும் விபத்து என்று உறுதியாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்பா யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அவன்" என்று அம்மாவிடம் அழுதார்.

அப்பா, அவரிடம் அப்படி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அடுத்த வாரப் போட்டிக்குக் கட்டிக்கொண்டு போக அம்மாவிடம் இட்டலி கேட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை, துவக்கைக் கழற்றும் முன் அவர் கை கழுவ மேலே வந்திருந்தார். திரும்பிக் கீழே இறங்கியவர் வழக்கம்போல் கூப்பிட்டார். நான் வாசலில் சப்பாத்துப் போட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"பாத்திட்டன் சித்தப்பா, ஒண்டுமில்லை."

"எப்ப பாத்தனி?"

"நீங்கள் கை கழுவேக்கை."

"கெட்டிக்காரி. சரி, போயிட்டு வா."

நான் பார்க்கவில்லை. அன்று கீழே இறங்கவே இல்லை. முந்தின நாள் கழகத்திலிருந்து வந்தபோதே ஒரு ரவை உள்ளே தங்கியிருக்க வேண்டும். தானும் பார்த்தாரா, பார்த்தும் தவறவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. என் சொல்லை நம்பினார் என்பது மட்டும் தெரியும்.

அப்பா, இதை வாசித்த பிறகு என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் அவர் தானாகப் போனார் என்று சொல்பவர்கள் கையில் இந்தப் பக்கம் போய்ச் சேரவேண்டும். ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

சித்தப்பா, நான் கடைசியாகக் கண்டபோது நீங்கள் படிக்கட்டின் அடியில் நின்றீர்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டேன். என்னை மன்னித்துப் போய் வாருங்கள்.