இன்றைக்கு எத்தனை பேர்

போன வாரம் என் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. வேகட்டும் என்று வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன், நின்றதும் மறந்தேன். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. அடுப்படியில் நிற்கையில் மனம் மொட்டை மாடியில் இருக்கும், மாடிக்குப் போனால் ரயிலடியில் இருக்கும். கருகிய வாசனை வந்து தோளைத் தட்டியது. பாத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்த்தது திண்டிவனத்தை, அக்கா வீட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமையை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விழுப்புரத்தில் பஸ் ஏறியது அக்காவை என்னோடு அழைத்து வருவதற்காக. கையில் ஒரு காலிப் பை. அவள் சாமான்களில் கொஞ்சத்தை நான் சுமக்கலாம் என்று.

இரண்டு நாள் முன்பு போன் செய்திருந்தாள். "உங்கூட்ல ஒரு கட்டில் போட எடம் இருக்குமாடி?" என்றாள். அவ்வளவுதான். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். "வாக்கா" என்றேன். சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் நானும் கணவரும். இன்னொன்றில் என் புத்தகங்களும், நான் குறுக்கும் நெடுக்கும் நடந்து எழுதும் பத்தடித் தரையும். அந்தத் தரையில் கட்டிலைப் போட்டேன். போட்டுப் பார்த்தபோது நடக்க இடமில்லை. அக்கா மேல் எனக்கு உயிர். அவள் வரவேண்டாம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில், ஒரே நேரத்தில்.

அக்கா ஒலக்கூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். நூற்று நாற்பது பிள்ளைகள். துடுப்பைப் போட்டுக் கிளறுகையில் அவள் முழங்கை வரை ஆவி ஏறும். கிளறிய வலி தோளில் இன்னும் உண்டு. வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றாள். சால்வை போட்டார்கள், அழுதாள், வீட்டுக்கு வந்தாள். மகனும் மருமகளும் அவளும் என்று மூன்று பேர் இருக்கிற வீடு. அதுவரை அங்கே சமையல் மருமகள் கையில். மறுநாள் காலை, இருக்கிறதிலேயே பெரிய குண்டானை இறக்கி சாம்பார் வைத்தாள்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது. ஃபிரிட்ஜில் நான்கு டப்பா ஏறியது. மிச்சம் தெருநாய்களுக்கு. அடுத்த நாளும் அப்படியே. புளிக்குழம்பில் உப்புக் கரித்தது. ரசம் ஒரு வாளி இருந்தது. வேலைக்குப் போய்வரும் மருமகள் பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள், "அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அதோடு அக்கா அடுப்படிக்குள் போகவில்லை. பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். காலையில் கொத்து, மாலையில் தண்ணீர். போட்டதைத் தின்றாள், பிறகு போட்டதிலும் பாதியைத்தான் தின்றாள். "பேஜாரா கீதுடி" என்று போனில் என்னிடம் மட்டும் சொல்வாள்.

சந்து முனையில் திரும்பியபோதே அந்தக் கருகல் வாசனை எதிரில் வந்தது. வாசலைத் தாண்டினால் கூடத்தில் அக்காவின் பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. மேலே மடித்த போர்வை. அடுப்படியில் புகைக்கு நடுவே மருமகள், கையில் கரண்டியோடு.

"சின்னத்தை, உள்ள வராதீங்க. அத்தை கெளம்புறாங்கன்னு அவங்களுக்குப் புடிச்ச கத்திரிக்காய் சாம்பார் வைக்கலாம்னு பாத்தேன். பருப்பு புடிச்சிக்கிச்சு." கண் சிவந்திருந்தது. புகையாலா என்று கேட்கவில்லை. அடியைச் சுரண்டக் கரண்டியை இறக்கினாள்.

பின்கதவு படாரென்று திறந்தது.

"கரண்டிய போடாதடி! அடியத் தொடாத!"

முழங்கால் வரை சேற்றோடு அக்கா. மருமகளைத் தோளால் ஒதுக்கி, கையைக் கழுவி, முந்தானையால் பாத்திரத்தின் காதைப் பிடித்தாள். "வேற ஏனம் குடு." கொடுத்தாள். கலக்காமல், மேலாக, மிக மெதுவாக, கருகாத பருப்பை மட்டும் சரித்து ஊற்றினாள். "பூண்டு. தட்டு, நறுக்காத." தட்டினாள். "காஞ்ச மொளகா. ஜல்தி." எண்ணெய் பொரிந்தது. வெங்காயம் சிவந்தது. நான் வாசற்படியில் நின்றேன். அந்த அடுப்படியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

பிறகு அக்காவின் கை உப்பு ஜாடிக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.

"எவ்ளோ போடணும்?" என்றாள்.

அப்படி ஒரு குரலில் அவள் கேட்டு நான் கேட்டதில்லை. மருமகள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். சின்னக் கரண்டியில் உப்பை எடுத்து, விரலால் வழித்துச் சமமாக்கி, அத்தையின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இவ்ளோதானா?"

"மூணு பேருக்கு இவ்ளோதான் அத்தை. இன்னிக்கு சின்னத்தையோட நாலு." இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

அக்கா உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க சத்துணவு அமைப்பாளரம்மா இப்பிடித்தான்," என்றாள். "காலைல கிளாஸ் கிளாஸா போயி எத்தினி புள்ளைங்க வந்துகீதுன்னு தலைய எண்ணிக்கினு வருவாங்க. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெ, எல்லாம் அவங்களே அளந்து குடுத்துடுவாங்க. நான் ஆக்குறதோட சரி. இத்தினி வருசத்துல ஒருநாளும் அளந்ததில்ல."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?"

"நீ கேட்டியா? ரெஸ்ட் எடுன்னியே."

"உங்க காலு வீங்கிக்கினு இருந்துச்சு அத்தை. அதுக்குச் சொன்னேன்."

கொதிக்கிற சாம்பாரில் அக்கா உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

"காலு வீங்கினா கையும் சேந்தா வீங்கும்?" என்றாள் அக்கா.

மருமகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அக்கா. சிரிப்பு என்று சொல்ல முடியாது, இருமல் மாதிரி ஒன்று.

சாம்பாரில் கருகல் வாசனை லேசாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் துவையலும் இருந்தது. ஞாயிறன்றும் வேலைக்குப் போய்விட்டுச் சாப்பிட வந்த மகன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "யாரு வெச்சது?" என்றான். "ரெண்டு பேரும்" என்றேன். சாம்பார்ப் பாத்திரம் காலியானது. அக்கா அதைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த வீட்டில் தன் கை பட்ட பாத்திரம் மீதியில்லாமல் காலியானதை அவள் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

கூடத்துப் பை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் மூன்று முறை அதைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். பாய் விரிக்கும் அளவுதான் பாத்தி. அதில் கத்திரி நாற்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல், இலையெல்லாம் வெளிறி நின்றது. ஒன்றிலும் பூ இல்லை.

"இதயும் நூத்தி நாப்பது பேருக்கு நட்டுக்கினு இருக்காங்க சின்னத்தை," என்றாள் பின்னால் வந்த மருமகள்.

"வாயப் பாரு," என்றாள் அக்கா. குனிந்து நாற்றைக் கலைத்துப் பிடுங்கத் தொடங்கினாள். "அந்தப் பைய இப்பிடிக் குடுடி," என்று என் காலிப் பையை வாங்கினாள். ஈரத் துணியில் சுற்றி, வேரில் மண்ணோடு, பை நிறைய நாற்று. "உங்கூட்டு மாடில தொட்டி வெறுமனே கீதில்ல?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் வரவில்லை. அவளுக்காகவும் நிம்மதி, எனக்காகவும் நிம்மதி. எதற்கு அதிகம் என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. பத்தடித் தரை மனசில் திரும்பவும் விரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம்.

பஸ் ஸ்டாண்டு வரை அக்கா நடந்து வந்தாள். வழியில் ஒருமுறை என் பையை வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மண்வாசனை மடியில். அக்கா கீழிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நகத்துக்குள் தோட்டத்துச் சேறு.

"அடுத்தவாட்டி வர்றதுக்கு முன்னால போன் பண்ணிடு," என்றாள். பஸ் நகர்ந்தது, கூடவே நான்கு எட்டு நடந்தாள். "தலைய எண்ணித்தான் அவ அளந்து குடுப்பா!"