துரையின் குரல் பெட்டி

சீமைக்குத் திரும்பிய பழைய துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது நான் எடுத்த குரல் பதியும் பெட்டி, இன்று என் மானத்தை வாங்கப் பார்த்தது.

முதலில் நான் பேசிப் பதிந்தேன். நன்றாகவே கேட்டது.

அடுத்து, நான் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தோட்டத்தின் கங்காணி பேசினார். விடியலில் அவர் ஒரு சத்தம் போட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுவதும் எழுந்துவிடும். பெட்டியிலோ கொசு முனகுவதுபோல் வந்தது.

ஊசியை மாற்றினேன். குரல் பதியும் மெழுகு உருளையைச் சீவினேன். குழலைத் துடைத்தேன். மறுபடியும் கொசுதான்.

“லேலத்துல கண்டதையும் எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல,” என்ற என் மனைவி, கங்காணியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

அதுவரை உருளையிலேயே கண்ணாக இருந்த நான் நிமிர்ந்தேன். கங்காணி துண்டை இடுப்பில் கட்டி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்ன கங்காணி இது?”

“தொரை பெட்டியாச்சுங்களே, கிராணி ஐயா. மரியாதை வேணாமா?”

கையை எடுத்துவிட்டுப் பேசச் சொன்னேன். பதிந்ததை ஓட்டியதும் கூரைத் தகரம் அதிர்ந்தது.

நான் சிரித்து முடிக்கவில்லை. மனைவி கேட்டாள்: “அவர விடுங்க. நீங்க ஏன் வீட்டுக்குள்ள கோட்டு மாட்டிக்கிட்டு, எழுந்து நின்னு பேசுனீங்க?”

நல்ல பதில் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், நண்பர்களே. அவள் இன்னும் கதவருகேதான் நிற்கிறாள்.