பச்சை விளக்குக்குப் போன ஒயர்

ஓடைப்பட்டியில் டிராக்டர்களுக்கு ஒயரிங் பார்ப்பவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, மனைவியை வீட்டுக்கு அழைத்துவர மலையேறுவேன். அவள் அங்கே அணைத்தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நர்ஸ். மற்ற நாட்களில் இக்கரையில் தங்கி, தினமும் படகில் போய் வருவாள். படகை ஓட்டுவது அவளுடைய அண்ணன். திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. படகில் இருந்ததே மூன்று விளக்குகள்தான். மழைக்காலத்தில் அந்த மூன்றும் என் உயிரை வாங்கின. வண்டியை நிறுத்தி ஒரு வாய் டீ குடிக்கவிட மாட்டார் மச்சான். "மாப்ள, ஒரு கனெக்‌ஷன் லூசா இருக்கு, பாத்துருங்க" என்பார். டிராக்டர் என்றால் முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிடலாம். தண்ணீரில் அது ஆகாது. நல்ல செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டி, முனையில் லக் என்னும் செம்புக் கொண்டியை வைத்து அழுத்தி, சூடு காட்டினால் சுருங்கும் டியூப் போட்டு, கிரீஸ் தடவ வேண்டும். மழைத்தண்ணீர் விளக்குக்குள் இறங்காமல் சொட்டிப் போக, ஒயரைக் கொஞ்சம் தொங்கலாகக் கட்ட வேண்டும். "சனிக்கிழமையும் எனக்கு ஒயர்தானா?" என்று நான் புலம்பாத வாரம் இல்லை. வாரம் முழுக்கக் குனிந்த முதுகு அங்கேயும் குனிய மறுத்தது.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கரையில் நின்றிருந்தேன். மூடுபனி தண்ணீரை மூடியிருந்தது. பக்கத்தில் தோட்டத்துச் சரக்குப் படகு கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தது. பச்சை இல்லை. அதன் இடத்தில் மங்கலாக ஏதோ ஒன்று ஆடியது.

எதிரே வரும் படகில் இரண்டு நிறமும் தெரிந்தால் அது நேராக வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் ஒதுங்கிப் போகிறது. சரக்குப் படகுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். "அது அங்கிட்டுப் போகுதுய்யா" என்று கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பச்சை கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குப் பட்டது; கத்தினேன்.

"எடுக்காதீக! நேரா வருது! உள்ள எம் பொண்டாட்டி இருக்கா!"

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டி முடிப்பதற்குள் மச்சானின் படகு பனியைக் கிழித்துக்கொண்டு நேர் எதிரே வந்து நின்றது. திட்டியவரே கயிற்றை மறுபடி கட்டினார்.

"பச்சை எரியலையே, தெரியலையா மச்சான்?" என்று கத்தினேன்.

"தெரியும் மாப்ள. ஒயர் முனையத் தொடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். அந்தப் பக்கத்து ஒயர் எலி கடித்து அறுந்ததால், தன் திராட்சைப் பந்தலில் கிடந்த ஒயரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. "இது துத்தம்யா. பந்தல்ல மருந்தடிக்கிறப்போ பட்டது. வேட்டி, கை, குடம் எல்லாத்துலயும் இருக்குமே."

எங்கள் ஊரில், திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம் படாத பொருள் கிடையாது. அந்தப் பச்சையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. இது செம்பு அரித்துப் பூத்த களிம்பு என்று ஒயரை வெட்டிக் காட்டினேன். ஒரு முழம் வெட்டியும் உள்ளே கம்பி கறுப்பாக உதிர்ந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவரைத் திட்ட மனம் வரவில்லை.

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் வலப்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தாள், இன்னும் இறங்கவில்லை. கையில் செல்போன். அதன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வளையல் பொதிந்து வரும் பச்சைக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தாள்.

"நாந்தான் வேணாம்னேன்" என்றாள். "திங்கக்கெழமையிலருந்து நானே புடிச்சுக்கிட்டு வாரேன். சொன்னா இன்னைக்கும் ஒயரத்தான் பாப்பீக. வந்தவுடனே சலிச்சுக்குவீகல்ல."

அவள் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. போனை நான்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.