பதில் வரும்வரை காத்திருந்தவர்

பேருந்து கீரனூரில் நின்றிருந்தபோது அலைபேசி அடித்தது. "வசந்தா மேடம் தவறிட்டாங்க சார். காலையில ஹார்ட் அட்டாக்" என்றார் எங்கள் கல்லூரி எழுத்தர். முந்தின நாள் மாலைதான் மேடம் என்னோடு சண்டை போட்டிருந்தார். சண்டை தீர்வதற்குள் போய்ச்சேருவது என்ன நியாயம் என்று கோபம்தான் முதலில் வந்தது.

உங்களில் பலர் அவரை வணிகவியல் பேராசிரியராக அறிவீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு சான்றிதழ் வகுப்பு தொடங்க, நிர்வாகத்தை நச்சரித்தே சம்மதிக்க வைத்தவர் அவர். "ஸ்கூல் முடிஞ்சதும் இவங்க மட்டும் வீட்டுக்குள்ளயே கெடக்கணுமா சார்?" என்பார். தமிழ் எடுக்க என்னையும் இழுத்துவிட்டார்.

மாணவரிடம் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை வாய் திறக்க மாட்டார். சேர்க்கையின்போது ஒரு தாய் மகனுக்காகப் பதில் சொல்லப்போக, "காலேஜுக்கு நீங்களா வரப்போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் அந்த மௌனத்தில் இருப்புக்கொள்ளாது.

கட்டுமாவடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தான் செந்தில். டீயா, காப்பியா என்று கேட்டாலும் "சரி" என்பான். வீட்டில் அப்படிப் பழகியவன். வேண்டாம் என்று சொல்ல அவனைப் பழக்குவதற்கு மேடம் படாதபாடு பட்டார். கேன்டீனில் பிடிக்காத உப்புமாவை வாங்கிக்கொண்டு நிற்பான். "ஒனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, யாரும் அடிக்க மாட்டாங்க" என்பார்.

ஒருநாள் சொல்லிவிட்டான். "எனக்குக் காலேஜ் வேணாம் மேடம். ஊருக்குப் போறேன். அப்பாகூட மீன் ஏலத்துக்குப் போகணும்."

ஒருவர் குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் முன்பே சொல்லியிருந்தது. மற்ற பிள்ளைகள் கதி என்ன? "நீங்க சொன்னாக் கேப்பான், இந்த வருஷம் மட்டும் இருக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். மேடம் அவனிடம், "நல்லா யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினான். அனுப்பிவிட்டார்.

"நம்மகிட்டயே வேணாம்னு சொல்றான் சார். இதைக் கேக்கலைன்னா நாம சொல்லிக்கொடுத்தது பொய்யாயிரும்" என்றார்.

வகுப்பு மூடப்பட்டது. அவர் செய்தது தப்பு என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். இன்றும் பாதி மனம் அப்படித்தான் சொல்கிறது. அடுத்த ஆண்டு முழுக்க நிர்வாகத்திடமும் பெற்றோர் வீடுகளுக்கும் நடையாய் நடந்து, அதே நிபந்தனையோடு மறுபடி அனுமதி வாங்கினார். இந்த முறை சேர்க்கையை நான்தான் நடத்த வேண்டும் என்றார். கடைசிச் சண்டை அதற்குத்தான். "எனக்கு ஏது பொறுமை?" என்று கத்தினேன். "பேசாம இருந்தாப் போதும் சார், அது தானா வரும்" என்றார்.

போன வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் ஒருவர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும். எதிரே ஒரு பெண்ணும் அவள் தாயும். "இங்க படிக்க ஒங்களுக்கு விருப்பமாம்மா?" என்று கேட்டேன். தாய் வாயெடுத்தார். கைகாட்டி நிறுத்தினேன். மேடம் இல்லாத அறையில் அந்த மௌனம் தாங்கவில்லை, கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் பேசவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

"சரிம்மா, யோசிங்க" என்றேன். இன்னும் காத்திருக்கிறேன்.