டிரஸ்ஸர் ஊத்துன சிவப்புத் தண்ணி

இன்னிக்குக் காலைல பிரஷர் மருந்து வாங்க அக்காவை ஜார்ஜ்டவுன் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் ஆகியும் நம்பர் வரல.

எனக்குக் கடுப்பாயிடுச்சு. "ரப்பர் எஸ்டேட்ல இருந்தப்ப நம்பரா, வரிசையா? நேரா அங்க டிஸ்பென்சரி டிரஸ்ஸர்கிட்ட போனா உடனே மருந்து ஊத்திக் கொடுப்பாரு. அதுதான்லா வாழ்க்கை!"

பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் சிரிச்சாரு. "ஆமாலா தங்கச்சி. அந்தச் சிவப்புத் தண்ணியைக் குடிச்சா மறுநாளே பால்மரம் வெட்டப் போயிடலாம்!"

அக்கா சிரிக்கல.

"காய்ச்சலுக்கும் அதான், வயித்து வலிக்கும் அதான். நம்ம செல்விக்கும் மூணு நாளா அதையேதான் ஊத்துனாரு. அப்புறம் லோரி கெடைச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

அந்த அண்ணன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிட்டாரு.

செல்வி எங்க கடைசித் தங்கச்சி. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு.

போன வாரம் இதே பக்கத்துலதான் "எஸ்டேட் வாழ்க்கை சொர்க்கம்"னு எழுதினேன். நீங்களும் ஹார்ட்டா போட்டுத் தள்ளுனீங்க. கிளினிக்ல உட்கார்ந்தே அதைத் திரும்பப் படிச்சேன். "நாங்க நாலு பிள்ளைங்க"ன்னு எழுதியிருக்கேன்.

நாங்க அஞ்சு பேரு.

ஹார்ட் போட்டவங்க கொஞ்சம் திருப்பி எடுத்துக்குங்கலா.